நுரையீரல் சிரை முழுப் பிறழ்விணைப்பு

நுரையீரல் சிரை முழுப் பிறழ்விணைப்பு என்பது நுரையீரல்களிலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் சிரைகள் அனைத்தும் இதயத்தின் இடது மேலறையுடன் இணையாமல், வலது மேலறையிலோ அதற்குச் செல்லும் உடற்சிரைகளிலோ சேரும் அரிய பிறவிக் குறைபாடு ஆகும். பிறவி இதயக் குறைபாடுகளுள் இது ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காடு ஆகும். மருந்துகளால் இதனைச் சரிசெய்ய இயலாது. அறுவை மருத்துவமே தீர்வாகும். சில சிரைகள் மட்டும் இடம் மாறியிருப்பின் அது பகுதிப் பிறழ்விணைப்பு எனப்படும்.

குறைபாட்டின் தன்மை

கரு வளரும்போது நுரையீரல் சிரைகள் ஒன்றுகூடி இடது மேலறையின் பின்சுவருடன் இணைகின்றன. இவ்விணைப்பு நிகழாவிடில், மறைந்துபோக வேண்டிய தொடக்கநிலைச் சிரை ஒன்று மறையாது நின்று, இரத்தத்தை வலப்பக்கம் கொண்டுசெல்கிறது. அங்கு ஆக்சிசன் மிக்க இரத்தம் ஆக்சிசன் குறைந்த இரத்தத்துடன் கலக்கிறது. மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் திறப்பு இருந்தால்தான் இக்கலப்பு இரத்தம் இடப்பக்கம் சென்று உடலை அடையும். பிற குழந்தைகளில் குறைபாடாகக் கருதப்படும் அத்திறப்பே இங்கு உயிரைக் காக்கிறது.

வகைகள்

1957 ஆம் ஆண்டில் டார்லிங்கும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட வகைப்பாடு இன்றும் பயன்படுகிறது.

* இதய மேல் வகை: இரத்தம் செங்குத்துச் சிரை ஒன்றின் வழியாக மேலேறி மேற்பெருஞ்சிரையை அடைகிறது. இதுவே மிகுதியாகக் காணப்படுவது.
* இதய வகை: சிரைகள் கொரோனரி சைனசிலோ நேரடியாக வலது மேலறையிலோ திறக்கின்றன.
* இதயக் கீழ் வகை: சிரை உதரவிதானத்தைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கி, பெரும்பாலும் கல்லீரல் வாயிற்சிரையில் சேர்கிறது. இவ்வகையில் பெரும்பாலும் அடைப்பு இருக்கும்.
* கலப்பு வகை: மேற்கண்டவற்றுள் இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்திருப்பது.

அறிகுறிகளும் கண்டறிதலும்

கருப்பையில் நச்சுக்கொடி வழியாக ஆக்சிசன் கிடைப்பதால் பிறக்கும்வரை தொல்லை தோன்றுவதில்லை. சிரையில் அடைப்பு இருப்பின், பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உடல் நீலம் பாரித்து மூச்சுத்திணறல் உண்டாகும். மார்பு எக்ஸ்-கதிர்ப் படம் நுரையீரல் நோயைப் போலத் தோன்றுவதால் இதயக் குறைபாடு கவனிக்கப்படாமல் போகக்கூடும். செயற்கைச் சுவாசம் அளித்தும் ஆக்சிசன் அளவு உயராதது ஒரு முக்கியக் குறிப்பாகும். அடைப்பு இல்லாத குழந்தைகளில் பால் குடிக்கும்போது களைப்பும், எடை கூடாமையும் காணப்படும். எதிரொலி இதய வரைவு மூலம் நோய் உறுதிசெய்யப்படுகிறது.

அறுவை மருத்துவம்

அடைப்புள்ள குழந்தைக்கு உடனடியாக அறுவை செய்யப்படும். அடைப்பில்லாதோருக்கும் பொதுவாக முதல் சில மாதங்களுக்குள் செய்யப்படுகிறது. இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் உடல் குளிர்விக்கப்பட்டு, சில வேளைகளில் இரத்த ஓட்டமும் சிறிது நேரம் நிறுத்தப்படும். இதயத்தின் பின்னுள்ள பொதுச் சிரையும் இடது மேலறையும் திறக்கப்பட்டு, ஒன்றோடொன்று அகலமாகத் தைக்கப்படுகின்றன. பின்னர் மேலறைச் சுவரின் திறப்பு மூடப்படும். கொரோனரி சைனசில் திறக்கும் வகையில், அதன் சுவர் இடது மேலறைக்குள் திறந்துவிடப்பட்டு, இரத்தம் இடப்பக்கமே செல்லுமாறு ஒட்டு வைக்கப்படுகிறது.

வரலாறு

1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முல்லர் இக்குறைபாட்டைப் பகுதியளவில் சீர்செய்தார். 1956 இல் லூயிசும் வார்க்கோவும் உடலைக் குளிர்வித்து முழுத் திருத்தம் செய்தனர். அதே ஆண்டில் பரோசும் கிர்க்கிளினும் இதய-நுரையீரல் இயந்திரத்தைப் பயன்படுத்திச் செய்த திருத்தத்தை வெளியிட்டனர். தொடக்கத்தில் பச்சிளங்குழந்தைகளுள் பலர் அறுவைக்குப் பின் இறந்தனர். பிந்தைய பத்தாண்டுகளில் இறப்பு பெரிதும் குறைந்தது.

பின்விளைவுகள்

அறுவைக்குப் பின் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் திடீரென உயரக்கூடும். இதற்கு நைட்ரிக் ஆக்சைடு வளிமம் மூச்சுடன் அளிக்கப்படுகிறது. இதனினும் கடினமானது சிரைகள் மீண்டும் சுருங்குவதாகும். இது பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள் தோன்றும். தையல் விளிம்பில் திசு தடித்து வளர்வது இதற்கு ஒரு காரணம். இதனைத் தவிர்க்க 1990களில் உருவான முறையில், வெட்டித் திறந்த சிரையின் விளிம்பில் ஊசி படாமல், சுற்றியுள்ள இதய உறை இடது மேலறையுடன் தைக்கப்படுகிறது. சிரைகளின் இரத்தம் அவ்வுறையால் அமைந்த பையினூடாக மேலறையை அடைகிறது. சுருக்கம் தோன்றாத குழந்தைகள் பெரும்பாலும் இயல்பான வாழ்க்கை வாழ்கின்றனர். எனினும், சுருக்கம் அறிகுறியின்றியும் தொடங்கலாம் என்பதால் தொடர் கண்காணிப்பு இன்றியமையாததாகும்.