செக்ரோல் கணக்கும் கேம்பிரிட்ஜ் கணினியும்

அப்புத்தளையை அண்டிய தோட்டமொன்றில் என் தந்தையார் செக்ரோல் கிளாக்கராகப் பணிபுரிந்தவர். மாத முடிவில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்தத் தடித்த பேரேட்டின் மீது அவர் குனிந்திருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர், கொழுந்து எத்தனை கிலோ, முற்பணம் எவ்வளவு? ஒரு வரி பிசகினால் சம்பள நாளன்று ஒரு லயத்து அடுப்பு எரியாது. அவர் அதை அறிந்தே இருந்தார்.

உலகில் அலுவலகக் கணக்குக்கென முதன்முதலில் கணினி செய்தது ஒரு தேயிலைக் கம்பனி என்று பின்னாளில் படித்தபோது அந்த விளக்கு வெளிச்சமே என் நினைவுக்கு வந்தது. லண்டனில் தேநீர்க் கடைகளை நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் உருவாக்கிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்குப் பணமும் ஆளும் கொடுத்து உதவியது. 1949 மே மாதத்தில் எட்சாக் இயங்கியது. அதைப் பின்பற்றி லயன்ஸ் செய்த 'லியோ', 1951 நவம்பரில் வெதுப்பகக் கணக்கைப் போடத் தொடங்கியது. பின்னர் தேயிலைக் கலவைக் கணக்கும் அதனிடம் வந்தது. 1954இல் சம்பளப் பட்டியலும் வந்தது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் எட்டு நிமிடங்களில் முடிக்கும் ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை அது ஒன்றரை வினாடியில் முடித்ததாம். என் தந்தையார் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார்.

அதே கேம்பிரிட்ஜ் நகரில் 1978இல் ஹெர்மன் ஹவுசரும் கிறிஸ் கரியும் ஏகோர்ன் நிறுவனத்தைத் தொடங்கினர். 1981 டிசம்பரில் வெளிவந்த அவர்களுடைய பிபிசி மைக்ரோவை வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1984இல் இந்தியா தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியே சுமார் 250 பாடசாலைகளுக்குச் சென்றதும் இந்தப் பொறியே. மலையகத்தில் நாங்கள் அப்போது கரும்பலகைக்கே வரிசையில் நின்றோம். அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத மற்றொரு பெட்டியைப் பற்றி. 1985இல் ஏகோர்ன் வெளியிட்ட 'கேம்பிரிட்ஜ் வேர்க்ஸ்டேஷன்' வீட்டுக்கோ விளையாட்டுக்கோ ஆனதன்று. நிரல் எழுதுவோரையும் பல்கலைக்கழக ஆய்வாளரையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டது. உள்ளே பிபிசி மைக்ரோவின் பலகை இருந்தது; விசைப்பலகையையும் திரையையும் அது கவனித்துக்கொண்டது. சிந்திக்கும் வேலை நெஷனல் செமிகண்டக்டரின் 32016 என்ற 32 பிட் சில்லுக்குரியது. நான்கு மெகாபைட் நினைவகம் அக்காலத்தில் பெரும் செல்வம். ஃபோர்ட்ரான், பாஸ்கல், லிஸ்ப், சி ஆகிய மொழிகளில், பெருங்கணினியில் முறைக்குக் காத்திருந்து ஓட்டவேண்டிய நிரலை ஆய்வாளர் தம் மேசையிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

சந்தையில் அது தோற்றது. அந்த ஆண்டிலேயே ஏகோர்ன் கடனில் மூழ்கி, இத்தாலியின் ஒலிவெட்டியிடம் தன் பங்குகளில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்துத் தப்பியது. ஆனால் 32016 உட்பட, கடையில் கிடைத்த சில்லுகள் எதுவும் ஏகோர்ன் பொறியியலாளர்களுக்குத் திருப்தி தரவில்லை. அந்த அதிருப்தியே முக்கியமானது. சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் தாமே ஒரு சில்லை வடிவமைத்தனர். வில்சன் அதன் போக்கைப் பிபிசி மைக்ரோவிலேயே பேசிக் மொழியில் எழுதிச் சோதித்தார். 1985 ஏப்ரல் 26ஆம் நாள் அந்தச் சில்லு வந்து சேர்ந்தது, முதல் முயற்சியிலேயே இயங்கியது. அதுதான் ஆர்ம். மறு ஆண்டில் அதுவும் பிபிசி மைக்ரோவுடன் இணைக்கும் துணைப் பெட்டியாக, நிரல் எழுதுவோருக்கென்றே விற்பனைக்கு வந்தது. 1990 நவம்பரில் அது தனி நிறுவனமாயிற்று. இன்று கைப்பேசிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது அதன் சந்ததியே.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர், நாள்தோறும் நிறுத்த கிலோவைத் தம் கைப்பேசியில் தமிழில் குறித்து வைத்திருந்தார். சம்பளத் துண்டில் பதினான்கு கிலோ குறைந்திருந்தது. "ஐயா, நீங்களே கூட்டிப் பாருங்க" என்று கைப்பேசியை அலுவலக மேசையில் வைத்தார். இளைஞரான கிளாக்கர் முகம் சுளித்தார். பின்னர் பேரேட்டைப் புரட்டினார். இருமுறை கூட்டினார். நான் வாசலில் நின்று, என் தந்தையார் இருந்த நாற்காலியைப் போன்றதொரு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணின் கணக்குத்தான் சரி.