முட்டி வலியும் வச்சிரப் பசையும்

போன மாசம் அம்மா திண்டுக்கல்லில் இருந்து புனே வந்தாங்க. ரயிலை விட்டு இறங்கினதும் நான் பெட்டியைத் தூக்கப் போனால், "அதை நான் வச்சுக்கிறேன், நீ மத்ததை எடு"ன்னு ஒரு பையை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. அதிரசமோ முறுக்கோ இருக்கும்னு நினைச்சு வீட்டுக்கு வந்து ஆசையாப் பிரிச்சா, உள்ளே மூணு டப்பா. கொலாஜன் பவுடர்!

"இதைத் தினம் ஒரு கரண்டி குடிச்சா முட்டி புதுசாயிடுமாம் தம்பி. அக்கா வாங்கிக் குடுத்தா."

டப்பா ஒன்றுக்கு என்ன விலைன்னு கேட்டேன். சொன்னாங்க. நல்லவேளை, உட்கார்ந்துதான் கேட்டேன் :-)

விலை கூடப் பரவாயில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அடுத்த வாக்கியம்தான். "டாக்டர் சொன்ன கால் பயிற்சியெல்லாம் விட்டுட்டேன், அதான் பவுடர் குடிக்கிறேனே." அம்மாவுக்கு 68 வயசு. இரண்டு முட்டியிலும் தேய்மானம். பயிற்சியை விட்டால் என்ன ஆகும் என்று பார்த்த பல பெரியவர்களை நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி குழந்தைகள் தூங்கினதும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது இன்றைக்கு நேற்றுக் கதை இல்லை, முன்னூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை என்று தெரிந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். (நான் டாக்டர் இல்லை, ஒரு சாதாரண மெக்கானிக்கல் இன்ஜினீயர். அதை மனசில் வைத்துக்கொண்டு படிக்கவும்.)

முதலில் பெயர். கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை. பசையைத் தருவது கொலாஜன். நம் ஊரில் தச்சாசாரிகள் மரத்தை ஒட்டுவதற்கு வச்சிரம் காய்ச்சுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயசில் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்போம். மாட்டுத்தோலையும் எலும்பையும் கொதிக்க வைத்து எடுக்கும் அந்தப் பசையும், ஜெல்லியில் போடும் ஜெலட்டினும், அம்மாவின் டப்பாவில் இருப்பதும் ஒரே குடும்பம்தான். சுத்தம் செய்யும் விதமும் விலையும்தான் வேறே.

சரி, கதைக்கு வருவோம்.

1679-ல் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் ஒரு பாத்திரம் செய்தார். மூடியை இறுக்கி, ஆவியை உள்ளேயே அடைத்துக் கொதிக்க வைக்கும் பாத்திரம். நம்ம வீட்டு பிரஷர் குக்கரின் கொள்ளுத்தாத்தா. அதில் கெட்டி எலும்பு கூட வெந்து மெத்தென்று ஆகி, சாறு கூழ் மாதிரி உறைந்தது. தூக்கி எறிகிற எலும்பிலிருந்து சாப்பாடு! இந்த ஆசை அப்போது பிடித்ததுதான்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பாரிசில் ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கும் மலிவாகச் சாப்பாடு போட வேண்டிய கட்டாயம். தார்சே என்ற வேதியியலாளர் எலும்பிலிருந்து பெரிய அளவில் ஜெலட்டின் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1814-ல் பாரிஸ் மருத்துவத் துறைப் பெரியவர்கள் அது நல்ல சத்துணவு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் ஜெலட்டின் சூப்பு ஊற்றினார்கள். ஆனால் குடித்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. சத்து இருக்கிறதா என்ற சந்தேகமும் கிளம்பியது. கடைசியில் அறிவியல் அகாடமி ஒரு குழு போட்டது. தலைவர் பிரான்சுவா மஜாந்தி, அந்தக் காலத்தின் பெரிய உடலியங்கியல் அறிஞர். நாய்களுக்கு வெறும் ஜெலட்டின் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் நாய்கள் அதைத் தொடவே மறுத்து, இளைத்துச் செத்தன. ஜெலட்டினை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாது என்று 1841-ல் அறிக்கை வந்தது.

ஏன் என்பதற்கான விடையில் ஒரு பகுதி கிடைக்க இன்னும் அறுபது வருஷம் ஆனது. 1901-ல் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே வரவேண்டிய சரக்கு அது. ஜெலட்டினில் அது சுத்தமாக இல்லை! ஆக, புரதம் என்ற கணக்கில் பார்த்தால் கொலாஜன் ஓர் அரைகுறைப் புரதம். நம்ம பருப்பும் முட்டையும் அதைவிட உசத்தி.

நிற்க. இந்தக் கதையின் அடுத்த கட்டம் நடந்தது பாரிசிலோ லண்டனிலோ இல்லை. நம்ம சென்னையில்!

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி.என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்தவர், அப்போது முப்பது வயசு. அந்தச் சமயம் சென்னைக்கு வந்த பெர்னால் என்ற விஞ்ஞானி, கொலாஜனின் வடிவம் இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். பிடித்துக்கொண்டார் ராமச்சந்திரன். பக்கத்திலேயே அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாரை எக்ஸ்ரே படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார். மூன்று இழைகள் ஒன்றாகச் சேர்ந்த வடிவம். 1955-ல் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். ரிச், கிரிக் போன்றவர்கள் அதன் நுணுக்கங்களில் சண்டை போட்டார்கள், ஆனால் அடிப்படை நின்றது. இன்றைக்கும் அந்தத் தோல் ஆராய்ச்சி நிலைய அரங்கத்துக்கு 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றுதான் பெயர்.

மூணு புரி கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்தால் புரி பிரிந்துவிடும், அது ஜெலட்டின். பிரிந்த புரியை நொதி போட்டுத் துண்டு துண்டாக நறுக்கினால் அம்மாவின் பவுடர். அதைக் குடித்தால் நேராக முட்டிக்குப் போய் மறுபடி கயிறாகத் திரிந்துகொள்ளுமா? வயிறு அதற்கு விடுமா? மற்றப் புரதங்களைப் போலவே உடைத்துத்தான் உள்ளே அனுப்பும். சில குட்டித் துண்டுகள் முழுசாக ரத்தத்துக்குப் போவதை 2005-ல் ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் ரத்தத்தில் இருப்பது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது. போதாததற்கு, குருத்தெலும்பில் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகைக் கொலாஜன். மாட்டுத்தோலிலும் மீன் செதிலிலும் எடுக்கும் பவுடர் பெரும்பாலும் முதல் வகை.

அப்படியானால் மூட்டுக்கு நல்லது என்ற பேச்சு எப்படி வந்தது? 1993-ல் அமெரிக்காவில் 60 முடக்குவாத நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பாதிப் பேருக்குக் கோழிக் குருத்தெலும்புக் கொலாஜனை மிகக் கொஞ்ச அளவில் கொடுத்தார்கள். வலியும் வீக்கமும் குறைந்ததாக 'சயின்ஸ்' இதழில் வந்ததும் ஒரே பரபரப்பு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நினைத்தது குருத்தெலும்பைக் கட்டுவதை இல்லை. தன் மூட்டையே தாக்கும் எதிர்ப்புச் சக்திக்கு அந்தக் கொலாஜனைப் பழக்கிச் சாந்தப்படுத்துவதை. நோயும் வேறு, சரக்கும் வேறு. 1998-ல் 274 பேரை வைத்துச் செய்தபோது பலன் மங்கலாகத்தான் தெரிந்தது. 1999-ல் மாட்டுக் கொலாஜனை 190 பேருக்குச் சோதித்ததில் பலனே இல்லை.

தேய்மானத்துக்கு வருவோம். பவுடரை வைத்து அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி மூன்று நாடுகளில் 389 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2000-ல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, ஜெர்மனியில் மட்டும் பலன் தெரிந்தது! 2008-ல் 147 விளையாட்டு வீரர்களுக்குத் தினம் 10 கிராம் கொடுத்ததில் வலி கொஞ்சம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் கடைசிவரை நின்றவர்கள் 97 பேர்தான். 2011-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மூட்டுக்கு நல்லது என்று டப்பாவில் போடும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றது. 2019-ல் ஐந்து சோதனைகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டபோது வலியும் இறுக்கமும் ஓரளவு குறைவதாகத் தெரிந்தது. சோதனைகள் சின்னவை, சிலவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களே பவுடர் விற்பவர்கள்.

ஆக, சிலருக்குச் சிறிய நிவாரணம் கிடைக்கலாம். தேய்ந்த குருத்தெலும்பு புதுசாக முளைத்தது என்று நம்பும்படி யாரும் காட்டவில்லை. தேய்மான வலிக்கு நல்ல ஆதாரம் உள்ளவை பைசா செலவில்லாதவை: தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் குடியிருப்பில் மூணாவது மாடியில் கும்பகோணத்து மாமி ஒருவர் இருக்கிறார். முட்டை கலந்த கேக்கைக் கூடத் தொடமாட்டார். அம்மாவின் டப்பாவைப் பார்த்து, "இதையேதான் எங்காத்துலயும் பையன் ஆன்லைன்ல வாங்கித் தந்தான், மூணு மாசமாக் குடிக்கிறேன்" என்றார். டப்பாவின் ஓரத்தில் இருந்த பழுப்பு நிறக் குறியை நான் காட்டவா வேண்டாமா என்று தவித்துவிட்டேன். காட்டினேன். மாமி ஒன்றும் பேசவில்லை. செடியில் கொலாஜன் கிடையாது என்பதை, விற்றவரும் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. சைவ வீடுகளில் வாங்குபவர்கள் தயவுசெய்து அந்தக் குறியைப் பாருங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கங்காரு வால் கதையை மட்டும் ரசித்துக் கேட்டாங்க. "அப்ப ஆட்டுக்கால் சூப்பு?" என்றாங்க. "ருசிக்குக் குடிம்மா, மருந்துன்னு குடிக்காதே" என்றேன். அக்கா மனசு நோகக்கூடாது என்று மூணு டப்பாவும் தீரும்வரை குடிப்பதாகச் சொல்லிவிட்டாங்க. பதிலுக்கு என் நிபந்தனை: தினமும் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டிப் பத்துப் பத்து தடவை.

இப்போது மூணு வாரம் ஆகிறது. வலி கொஞ்சம் தேவலையாம். "பார்த்தியா, பவுடர் வேலை செய்யுது" என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்காங்க, காலை நீட்டியபடியே. நான் வாயைத் திறக்கவில்லை.