பற்றரி இறங்கிப்போச்சோ? ஒலிநாடாவின் பிழைகள் பெடலுக்குள் வந்த கதை

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த நண்பன் ஒருவன் இரண்டு கிழமைக்குப் பாவிக்கச் சொல்லி ஒரு கிற்றார் பெடலைத் தந்துவிட்டுப் போனான். பெயர் டெக்கோ. கலிபோர்னியாவில் இருக்கும் ஸ்ரைமன் கம்பனி 2014 இல் வெளியிட்டது. கையில் அடங்கக்கூடிய உலோகப் பெட்டி, சில குமிழ்கள், காலால் மிதிக்க இரண்டு பொத்தான்கள். ஒரு பக்கம் கிற்றார் வயரைச் செருகினால் மறுபக்கம் பழைய ஒலிநாடாவில் பதிந்ததுபோல் சத்தம் வெளியே வரும். அவ்வளவுதான் வேலை. விலையைக் கேட்டால் எங்கட கிற்றாரை விட அதிகம்.

வீட்டின் பின்னறையில் நாங்கள் அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம். வொபிள் என்று ஒரு குமிழ் இருக்கிறது. அதைத் திருப்பத் திருப்ப சுருதி மெல்ல ஏறி இறங்கும், ஓடிக் களைத்த நாடா மாதிரி. முழுக்கத் திருப்பிவிட்டு ஒருவன் வாசித்துக்கொண்டிருக்க, தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா வாசலில் நின்று கேட்டா: "என்னடா, பற்றரி இறங்கிப்போச்சோ?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. அம்மாவின் காதுக்கு அது பழுது. எங்களுக்கு அது 'வின்ரேஜ்'. ஒரே சத்தத்துக்கு ஏன் இரண்டு பெயர்? அதைத் தேடிப் போன கதைதான் இது.

சத்தம் நிரம்பினால்

நிரம்பிய கரைசல் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். தேத்தண்ணியில் சீனி போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு கரையாது, அடியில் தங்கும். காந்தத்துக்கும் அப்படித்தான். ஒலிநாடா என்பது இரும்பு ஒட்சைட்டுத் துகள் பூசிய மெல்லிய பிளாஸ்ரிக் பட்டி. பதிவுத் தலையில் வரும் மின்சாரம் கூடக்கூட துகள்களும் கூடக் காந்தமாகும். ஒரு எல்லை வந்தபின் மின்சாரத்தை எவ்வளவு கூட்டினாலும் அவை அதற்குமேல் ஏற்காது. இதைத்தான் 'சச்சுரேஷன்' என்கிறார்கள்.

அப்போது சத்தம் சட்டென்று வெட்டுப்படாது. அலையின் உச்சிகள் மெதுவாக மழுங்கும். உரத்த இடங்கள் அமுங்குவதால் மெல்லிய இடங்கள் ஒப்பீட்டளவில் மேலே வரும். மூல ஒலியில் இல்லாத சில மேற்சுரங்கள் புதிதாய்ச் சேரும். கூர்மையான உயர் மீடிறன்கள் கொஞ்சம் தேயும். இவ்வளவும் சேர்ந்ததைத்தான் இன்றைக்கு எல்லாரும் 'வார்ம்' என்கிறோம். ஆனால் நாடாவைக் கண்டுபிடித்தவர்கள் தேடியது இதை இல்லை. அவர்களுக்கு இது ஒரு குறைபாடு.

1928 இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃபிரிட்ஸ் ஃப்ளொய்மர் என்பவர் காகிதப் பட்டியில் இரும்புத் துகள் பூசிக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் சிகரெட் நுனியில் ஒட்டும் பொன்னிறப் பட்டிக்கு வழி தேடிக்கொண்டிருந்த மனிசன். ஏ.ஈ.ஜி கம்பனி இயந்திரத்தையும் பி.ஏ.எஸ்.எஃப் கம்பனி நாடாவையும் செய்ய, 1935 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் மக்னற்றோபோன் வெளிவந்தது. முதலில் இரைச்சல் அதிகம். 1940 இல் ஜேர்மன் வானொலியின் பொறியியலாளர்கள், காதுக்குக் கேளாத உயர் மீடிறன் மின்னோட்டத்தைப் பதிவோடு கலந்தால் இரைச்சலும் சிதைவும் பெருமளவு குறையும் என்று கண்டுகொண்டார்கள். அதோடு ஒலிநாடாவின் தரமே மாறிவிட்டது.

போர்க்காலத்தில் இங்கிலாந்தில் இருந்த ஜாக் மலின் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளருக்கு ஒரு குழப்பம். நடுச்சாமத்திலும் ஜேர்மன் வானொலியில் முழு இசைக்குழு வாசிக்கிறது. இசைத்தட்டின் கீறல் சத்தம் இல்லை. இந்த நேரத்தில் இத்தனை கலைஞர்களை இருத்தி வைத்து வாசிப்பிக்கிறார்களா? விடை 1945 இல் பாட் நௌஹைம் என்ற ஊரில் கிடைத்தது. அங்கே மேம்படுத்திய மக்னற்றோபோனை அவர் நேரில் கேட்டார். இரண்டு இயந்திரங்களைக் கழற்றித் துண்டு துண்டாய், 50 நாடாச் சுருள்களோடு அமெரிக்காவுக்குத் தபாலில் அனுப்பினார். 1946 இல் சான் பிரான்சிஸ்கோவில் பொறியியலாளர்களுக்கு முன் இயக்கிக் காட்டினார்.

கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்குமாக ஒரே நிகழ்ச்சியை நேரடியாக இரண்டு தரம் பாடிக் களைத்திருந்த பாடகர் பிங் குரொஸ்பிக்கு இது வரமாய்ப் பட்டது. 1947 இலிருந்து அவருடைய வானொலி நிகழ்ச்சி மலினின் இயந்திரங்களில் பதிவானது. அம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பனிக்கு அவர் 50,000 டொலர் கொடுக்க, 1948 இல் அமெரிக்காவின் சொந்த நாடா இயந்திரம் வெளிவந்தது.

இதுவரை எல்லாருடைய நோக்கமும் ஒன்றே. நேரடியா பதிவா என்று கேட்கிறவருக்குத் தெரியக்கூடாது. ஊசி சிவப்புக்குப் போகக்கூடாது. நாடா இருப்பதே தெரியாமல் இருக்கவேண்டும்.

ஒருவர் பலராவது

ஒரு அம்பெக்ஸ் இயந்திரம் குரொஸ்பி மூலம் கிற்றார் கலைஞர் லெஸ் போலின் கைக்கு வந்தது. அவர் அதில் இன்னொரு தலையைப் பூட்டினார். இனி முன்பு பதிந்ததைக் கேட்டபடி, அதன்மேல் புதிதாய் வாசித்து, இரண்டையும் சேர்த்து அதே நாடாவில் பதியலாம். 1951 இல் அவரும் மனைவி மேரி ஃபோர்ட்டும் வெளியிட்ட 'ஹௌ ஹை த மூன்' இப்படி அடுக்கடுக்காய்ச் செய்த பாட்டுத்தான். ஒரு பெண்ணின் குரல் ஒரு குழுவாகவும் ஒரு கிற்றார் ஒரு படையாகவும் கேட்டது.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதை அழித்துக்கொண்டுதான் பதிவாகும். பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் தவறினால் முந்தைய ஒன்பதும் போச்சு, முதலிலிருந்து தொடங்கவேண்டும். இன்றைக்கு 'அன்டூ' பொத்தானோடு வளர்ந்த எங்களுக்கு இந்தப் பயம் விளங்காது.

மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் செய்தது வேறு. நாடா இயந்திரத்தில் பதியும் தலையும் வாசிக்கும் தலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நாடா ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகக் கொஞ்ச நேரம் எடுக்கும். தலைகளுக்கு இடையே 2 அங்குலம், நாடாவின் வேகம் செக்கனுக்கு 15 அங்குலம் என்று வையுங்கள். இடைவெளி ஏறக்குறைய 133 மில்லிசெக்கன். அந்தப் பிந்திய சத்தத்தை எடுத்து நேரடிச் சத்தத்தோடு கலந்தால் வெறும் சுவரில் பட்டுத் திரும்புவது போல் ஒரே ஒரு எதிரொலி. பெயர் 'ஸ்லப்பக்'. சன் ஸ்ரூடியோ ஒரு சின்ன அறை. அதில் பாடிய எல்விஸ் பிரெஸ்லி பெரிய மண்டபத்தில் நிற்பதுபோல் கேட்டதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். இயந்திரத்தின் தாமதத்தை பிலிப்ஸ் ஒரு வாத்தியமாக மாற்றிவிட்டார்.

பாட அலுத்த பாடகர்

1966, லண்டன் அபே ரோட்டில் ஈ.எம்.ஐ ஸ்ரூடியோ. பீற்றில்ஸ் 'ரிவோல்வர்' தொகுப்பைப் பதிந்துகொண்டிருந்தார்கள். குரல் தடிப்பாய்க் கேட்கவேண்டும் என்றால் ஒரே வரியை இரண்டு தரம் பாடி ஒன்றன்மேல் ஒன்று வைப்பது அப்போதைய வழக்கம். மனிசர் இரண்டு தரமும் ஒரே மாதிரிப் பாடமாட்டார். அந்தச் சின்ன வித்தியாசம்தான் தடிப்பைத் தரும். ஜோன் லெனனுக்கு அந்தச் சத்தம் விருப்பம், ஆனால் திரும்பத் திரும்பப் பாடுவது அலுப்பு.

அங்கே தொழில்நுட்பப் பொறியியலாளராக இருந்த கென் டவுன்சென்ட் ஒரு வழி கண்டார். நான்கு தடப் பதிவிலிருந்து குரலை மட்டும் எடுத்து இரண்டாவது இயந்திரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து அது மூலக் குரலோடு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்து சேரும்படி ஒழுங்குபடுத்தினார். பிறகு இரண்டாவது இயந்திரத்தின் வேகத்தைக் கையால் மெல்லக் கூட்டியும் குறைத்தும் விட்டார். நகல் மூலத்துக்குச் சில மில்லிசெக்கன் முந்தும், பிந்தும். ஒரு தரம் பாடியது இரண்டு பேர் பாடியதாய்க் கேட்டது. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இதை ஏ.டி.ரி என்பார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று லெனன் கேட்க, தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் 'ஃபிளாஞ்' என்ற சொல்லை நுழைத்துப் பகிடியாக ஏதோ உளறியதாகவும், அந்தச் சொல்லே நிலைத்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. நாடாச் சுருளின் விளிம்புக்கும் அதே பெயர்தான். அந்த விளிம்பை விரலால் தொட்டு வேகத்தைக் குறைப்பதால் வந்த பெயர் என்பது மற்றக் கதை. இரண்டு ஒலிகளும் மிக நெருங்கி ஒன்றையொன்று கடக்கும்போது சில மீடிறன்கள் ஒன்றையொன்று அழிக்கும். அழிபடும் இடம் நகர்ந்துகொண்டே போக, விமானம் தலைக்குமேல் போவதுபோல் ஒரு சுழற்சி கேட்கும். 1967 இல் ஸ்மோல் ஃபேஸஸின் 'இச்சிக்கூ பார்க்' பாட்டில் அதைத் துலக்கமாகக் கேட்கலாம்.

எல்லாம் ஒரு குமிழுக்குள்

அதன் பிறகு இயந்திரங்கள் சுருங்கத் தொடங்கின. 1969 இல் பிலிப்ஸ் கம்பனியின் ஆய்வாளர்கள், தீயணைக்க வரிசையில் நின்று வாளி கைமாற்றுவதுபோல் மின்னேற்றத்தைப் படிப்படியாய்க் கைமாற்றித் தாமதம் உண்டாக்கும் சுற்றை உருவாக்கினார்கள். நாடாவே தேவையில்லை. 1976 இல் றோலண்ட் வெளியிட்ட சீ.ஈ-1 கோரஸ் பெட்டி அந்த வழியில் வந்தது. இப்போது டெக்கோ போன்றவை நாடாவின் நடத்தையைக் கணித்துப் போடும் சின்னக் கணினிகள்.

டெக்கோவின் லாக் டைம் குமிழை மெதுவாய்த் திருப்பிப் பாருங்கள். இதுவரை சொன்ன வரலாறு பின்னோக்கி ஓடும். தொடக்கத்தில் ஃபிளாஞ். கொஞ்சம் தள்ளினால் கோரஸ், பிறகு லெனனின் இரட்டைக் குரல். இன்னும் தள்ளினால் மெம்பிஸின் ஸ்லப்பக். நான்கு பெயர். எல்லாம் ஒரே விசயம்: ஒரு சத்தமும் அதன் பிந்திய நகலும். நேரம் மட்டும்தான் வேறு.

பாவிக்கிறவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள். சச்சுரேஷனைக் கொஞ்சமாய் வையுங்கள். நிப்பாட்டும்போதுதான் 'ஏதோ குறையுது' என்று தெரியவேண்டும். பேஸ் கிற்றாருக்கு அது நல்லாய்ப் பொருந்தும், தடிப்பும் வரும், எகிறும் சுரங்களும் அடங்கும். இரட்டிப்பு வேண்டுமென்றால் நகலை மூலத்தைவிடத் தாழ்த்திக் கலவுங்கள். வயலினைப் பூட்டியும் பார்த்தோம். நேர்ச்சுரத்தில் இரண்டு வயலின் போல் அழகாய் இருந்தது. கமகம் வந்தவுடன் வொபிளும் கமகமும் ஒன்றோடொன்று சண்டை. ஏற்கெனவே அசையும் சுரத்தைப் பெட்டியும் அசைக்கத் தேவையில்லை. அங்கே வொபிளை நிப்பாட்டிவிடுங்கள்.

அம்மாவின் கேள்வி

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன், ஏன் பற்றரி என்று சொன்னனீங்கள் எண்டு. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றதும், பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாய் இருந்ததும் நாங்கள் கேள்விப்பட்ட கதைகள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்து, மிதித்து மிதித்து றேடியோ கேட்டதும் தெரியும். கசெற்றும் அப்படித்தான் போட்டார்களாம்.

ஜேர்மனியில் இருந்த பெரிய மாமா கடிதத்துக்குப் பதிலாய்த் தன் குரலைப் பதிந்து அனுப்பிய கசெற் ஒன்று, கைமாறிக் கைமாறி வீட்டுக்கு வந்திருக்கிறது. சின்ன மாமா மிதிக்க, எல்லாரும் சுற்றியிருந்து கேட்டிருக்கிறார்கள். "மிதிக்கிறவன் களைச்சா அண்ணான்ர குரல் கிழவன்ர குரல் மாதிரி இழுபடும். அம்மம்மா அழத் தொடங்கீடுவா, பிள்ளைக்கு ஏதோ வருத்தம் எண்டு. 'இல்லையம்மா, சைக்கிள்தான்' எண்டு சொல்லோணும்."

இதைக் கேட்டபிறகு வொபிள் குமிழைத் தொடும்போது கை கொஞ்சம் நின்றது. பிழையை இசையாக்கியவர்கள் எல்லாரிடமும் ஒரு விசை இருந்தது. பிலிப்ஸ் வேண்டுமென்றால் எதிரொலியைப் போடுவார், வேண்டாமென்றால் எடுப்பார். டவுன்சென்ட் வேகத்தைத் தன் கையால் ஆட்டினார். அம்மம்மாவிடம் அந்த விசை இருக்கவில்லை. நிப்பாட்ட முடிந்த பிழைதான் 'வார்ம்' ஆகிறது. முடியாதது வெறும் பழுதுதான்.

இதுக்காகப் பெடலைப் பாவிக்கக்கூடாது என்று சொல்ல வரவில்லை. நண்பன் திரும்பிப் போகமுதல் ஒரு பாட்டை அதோடு பதிந்துகொண்டோம், நல்லாய்த்தான் வந்திருக்கிறது. ஆனால் அதைவிட அவசரமான பதிவு ஒன்று இருக்கிறது. மாமாவின் கசெற் அலுமாரிக்குள் இன்னும் கிடக்கிறது. எங்கட வெக்கைக்கும் ஈரப்பதனுக்கும் நாடாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்சைட்டுப் பூச்சு உதிரும். போகிற சனிக்கிழமை ஒரு நல்ல கசெற் பிளேயரை இரவல் வாங்கி, தலையைத் துடைத்து, கணினியில் நேராக ஏற்றப்போகிறோம். எந்தப் பெடலும் இல்லாமல், சரியான வேகத்தில். மாமாவின் குரல் உண்மையில் எப்படி இருந்தது என்று அம்மா முதல்முறையாய் ஒரு தரம் முழுசாய்க் கேக்கட்டும்.

உங்கட வீட்டு அலுமாரியையும் ஒருக்காத் திறந்து பாருங்கோ.