பேசினுக்குக் கீழே தெரியும் பைப்: மறைக்கலாம், அடைக்கக்கூடாது

குளியலறைக்கு ரைல்ஸ், கண்ணாடி, ஷவர் என்று பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். கடைசியில் பேசினுக்குக் கீழே வெள்ளை நெளிபைப் ஒன்று தும்பிக்கை போலத் தொங்கும். அதை மறைக்க ஓர் அலுமாரி, ஒரு திரை, சிலவேளை ஒரு சுவர். மறைப்பதில் தவறில்லை. ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தேடாமல், கையாலேயே திறந்து பார்க்கக்கூடிய மறைப்பாக அது இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கீழே இருப்பவை மூன்று: சுவரில் உள்ள அங்கிள் வால்வ், அதிலிருந்து மேலே போகும் ஹோஸ், கழிவுநீர் போகும் பைப். மூன்றாவதில் ஒரு வளைவு இருக்கும், அல்லது போத்தல் போன்ற ஓர் உறுப்பு. அதற்குப் பெயர் ட்ராப். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, குழியிலிருந்து வரும் வாடையையும் பூச்சியையும் தடுக்கும். அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் 1775இல் லண்டனில் தன் மலசலகூடத்துக்குக் காப்புரிமை எடுத்தபோது, இந்த வளைவு அதில் ஒரு பகுதி. 2003இல் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் மாடிக் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் தொற்றியபோது, குளியலறை நிலத்து வடிகால்களின் ட்ராப்புகள் வறண்டு கிடந்ததும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆகவே அலுமாரிக்குள் இடம் போதவில்லை என்று வளைவை வெட்டி, பைப்பை நேரே நிலத்து ஓட்டைக்குள் விடவேண்டாம்.

மூடுவதற்கு முன்பு ஒரு சோதனை. பேசினை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த டிஷ்யூவால் சுற்றித் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு தாளில் தெரியும். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணற்றுத் தண்ணீரே சாட்சி சொல்லும்: மெதுவாகக் கசியும் நட்டைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருக்கும். கம்பி பின்னிய ஹோஸில் கறள் தெரிந்தால் அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. நெளிபைப்பையும் இந்தச் சாட்டில் கழற்றலாம். அதன் மடிப்புகளில் தலைமுடியும் சவர்க்காரமும் தங்கும். 32 மில்லிமீற்றர் போத்தல் ட்ராப் போட்டால் அடைப்பு வரும்போது அடிமூடியைக் கையால் திருகித் துப்புரவாக்கலாம்.

மலிவானது திரை. வாடகை வீட்டுக்கும் ஏற்றது, சுவரில் துளை வேண்டாம். பேசினின் அடிவிளிம்பில் வெல்குரோ பட்டியை ஒட்டி, மற்றப் பாதியைத் துணியில் தைத்தால் போதும். நிலத்திலிருந்து நான்கு விரல் உயரத்தில் துணி நிற்கட்டும். ஒன்றே ஒன்று: ஒழுக்குக்கு வைத்த வாளியைத் திரைக்குப் பின்னால் மறந்துவிடாதீர்கள். டெங்கு நுளம்புக்கு நிழலும் தெளிந்த தண்ணீரும் சேர்ந்த இடம் அது. முட்டை பறக்கும் நுளம்பாக ஒன்றரை வாரம் போதும். 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேக நோயாளர்களாகப் பதிவானார்கள்.

அலுமாரி என்றால் கடையில் முதலில் காட்டுவது சிப்போர்ட். பளபளப்பாக இருக்கும், விலையும் குறைவு. வெட்டிய விளிம்பு வழியே தண்ணீர் ஏறினால் ஊதிவிடும். ஊதியது திரும்பச் சுருங்காது. பீ.வி.சி. பலகையோ அலுமினியமோ நல்லது. நிலத்தில் குந்தவிடாமல் கால் வைத்தோ சுவரில் தொங்கவிட்டோ பொருத்துங்கள். பின்பலகை வேண்டாம், வால்வுக்குக் கை போகவேண்டும்.

பேசினோடு விற்கும் பீங்கான் தூண் கழிவுப் பைப்பை நன்றாக மறைக்கும். அரைத்தூண் சுவரில் நிற்பதால் நிலம் கூட்டக் கழுவச் சுகம். இரண்டையும் சீமெந்து பூசி இறுக்கும் மேசன்மார் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள்.

சுவர் கட்டி ரைல்ஸ் ஒட்டி மூடுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நான் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் அப்படித்தான் செய்திருந்தார்கள். உள்ளே வால்வ் ஒழுகத் தொடங்கியதும் அதை மட்டும் பூட்ட வழியில்லை. மேல்தாங்கியையே பூட்டிவிட்டு, இரண்டு நாள் முழு வீடும் வாளியில் தண்ணீர் அள்ளியது. உடைத்த ரைல்ஸின் அதே டிசைன் பிறகு கடையில் இல்லை.

மறைக்காமலே விடுவதும் ஒரு வழி. குரோம் பூசிய பித்தளை ட்ராப் பார்வைக்கே அழகு. பீ.வி.சி. பைப் என்றால் மெல்லிய மண்தாளால் உரசி, பிரைமர் அடித்து, சுவர் நிறத்திலேயே பெயின்ற் அடிக்கலாம். நட்டுகளை மட்டும் விட்டுவிடுங்கள். பெயின்ற் காய்ந்தால் திருகமுடியாது.

வீட்டில் சக்கர நாற்காலி பாவிப்பவர் இருந்தால் அலுமாரியும் தூணும் வேண்டவே வேண்டாம். போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் பலர் வாழும் வடக்கில் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. பேசினுக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் வேண்டும். அமெரிக்க அணுகல்தன்மை விதிகள் முழங்காலுக்கு ஆகக்குறைந்தது 27 அங்குல உயரம் கேட்கின்றன. கால் உணர்வு இழந்தவருக்குச் சுடுநீர் பைப் தொடையில் பட்டாலும் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அங்கே சுடுநீர் பைப்புக்கும் கழிவுப் பைப்புக்கும் ஃபோம் உறை போட்டுப் பட்டியால் சுற்றுங்கள். பைப்பும் மறையும், உறையைக் கையாலேயே கழற்றவும் முடியும்.