கட்டட அனுமதி பிறந்த கதை

திருத்தங்கலில் நான்கு சென்ட் மனை ஒன்றை வாங்கி, அதில் வீடு கட்ட எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொத்தனாரைப் பார்த்துப் பேசியாயிற்று. நல்ல நாளும் குறித்தாயிற்று. ஆனால் வானம் தோண்டுவதற்கு முன் சிவகாசி மாநகராட்சியின் அனுமதி வேண்டும். (திருத்தங்கல் நகராட்சி 2021-இல் சிவகாசியுடன் இணைக்கப்பட்டு, இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின.) கிரயப் பத்திரம் எங்கே, பட்டா எங்கே, வில்லங்கச் சான்று எங்கே, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, பொறியாளர் கையொப்பமிட்ட வரைபடம் எங்கே என்று வரிசையாகக் கேட்பார்கள். முன்புறம் இத்தனை அடி விட வேண்டும், பக்கத்தில் இத்தனை அடி விட வேண்டும் என்பார்கள். "காசு என்னுடையது, இடம் என்னுடையது, இதற்கு யாரைக் கேட்க வேண்டும்?" என்ற எண்ணம் உங்களுக்கு எழுவது இயல்பே.

இந்த விதிகள் ஒரே நாளில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டவை அல்ல. அவற்றுள் பலவற்றின் பின்னால் ஒரு தீயோ, ஒரு கொள்ளைநோயோ, ஒரு பஞ்சமோ இருக்கிறது. அந்தக் கதையை அறிந்துகொண்டால், எந்த விதி உங்களைக் காக்கிறது, எந்த இடத்தில் சட்டம் கோட்டைவிட்டு அதன் சுமை உங்கள் தலையில் விழுகிறது என்பதும் விளங்கும்.

அண்டை வீட்டாரைப் பற்றிய கவலை மிகப் பழையது. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம், அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து சாக்கடை எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று அளவு கூறுகிறது. மீறியவருக்குத் தண்டமும் விதிக்கிறது. சுவர்த் தகராறும் சாக்கடைத் தகராறும் இன்றைக்கு வந்தவை அல்ல!

ஆனால் வீட்டின் கட்டுமானத்தையே சட்டத்தால் வகுத்த புகழ்பெற்ற நிகழ்ச்சி லண்டனில் நடந்தது. 1666 செப்டம்பரில் அங்கு ஒரு ரொட்டி அடுமனையில் பற்றிய தீ நான்கு நாட்கள் எரிந்து, 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. மரவீடுகள், குறுகிய சந்துகள். மேல்மாடிகள் ஒன்றை ஒன்று தொடுமளவு நீண்டிருந்தன. தீ நடந்து போகவில்லை, தாவிப் போயிற்று. மறு ஆண்டே இயற்றப்பட்ட சட்டம், வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ ஆனவையாக இருக்க வேண்டும் என்றது. வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம், எவ்வளவு கனமான சுவர் என்று வரையறுத்தது. தெருவின் அகலத்துக்கும் வீட்டின் உயரத்துக்கும் உள்ள தொடர்பு நம்முடைய இன்றைய விதிகளிலும் உண்டு.

நம் நாட்டில் இந்தச் சிந்தனையைத் தட்டி எழுப்பியது பிளேக் நோய். 1896-இல் அது பம்பாயில் பரவியபோது, கெட்ட காற்றும் இருட்டும் அழுக்குமே நோய்க்குக் காரணம் என்று பலர் நம்பினர். காற்றோட்டமற்ற வீடுகளின் சுவரில் "மனிதர் வாழத் தகுதியற்றது" என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகளைப் பொறித்தார்கள். வெயில் உள்ளே விழட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். 1898-இல் நகரைத் திருத்தி அமைக்க ஒரு தனி டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதே 1898-இல் கராச்சியில் ஆராய்ந்த பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், பிளேக்கைப் பரப்புவது எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி என்று கண்டறிந்தார். கெட்ட காற்றுக் கொள்கை தவறு என்று ஆயிற்று.

அப்படியானால் வீட்டைச் சுற்றித் திறந்தவெளி விட வேண்டும் என்ற விதி வீண்தானா? இல்லை. காசநோய்க் கிருமி காற்றோட்டமற்ற அறையில் நீடித்து மிதக்கும். நேரடி வெயிலில் விரைவில் மடியும். காரணம் தவறாக இருந்தும் கைக்கொண்ட முறை பயன் தந்தது. விஞ்ஞான வரலாற்றில் இப்படி நேர்வது உண்டு.

சென்னை மாகாணத்தில் நகரமைப்பு பற்றிய பேச்சை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். அடிப்படையில் அவர் ஓர் உயிரியல் வல்லுநர். ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். நகரங்களைப் பற்றி அவர் திரட்டியிருந்த கண்காட்சிப் பொருள்கள் தனிக் கப்பலில் வந்தன. அக்கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய அதே எம்டன் கப்பல்தான்! நண்பர்கள் மறுபடியும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இல் சென்னையில் கண்காட்சி நடந்தது.

கெடிஸ் மதுரை உள்ளிட்ட ஊர்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெரிசலான தெருவை முழுவதும் இடித்து அகலமாக்குவதை அவர் விரும்பவில்லை. எந்த ஒரு பாழ்வீட்டை அகற்றினால் சுற்றியுள்ள பத்து வீடுகளுக்கு வெளிச்சம் கிடைக்கும் என்று பார்த்து, அதை மட்டும் நீக்கச் சொன்னார். அறுவை மருத்துவர் கத்தியை வைப்பது போன்ற சிக்கனமான முறை அது. குளங்களை மூடுவதையும் அவர் எதிர்த்தார். அந்த அறிவுரையைக் கேட்டிருந்தால் நம் ஊர்களின் மழைக்காலம் வேறுவிதமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1920-இல் சென்னை மாகாணத்தில் இரு சட்டங்கள் வந்தன. மாவட்ட நகராட்சிகள் சட்டம், வீடு கட்டுவோர் வரைபடம் கொடுத்து அனுமதி பெறும் முறையை நகராட்சிகளில் நிலைநாட்டியது. நகரமைப்புச் சட்டம், திட்டம் தீட்டப்பட்ட பகுதிகளை ஒழுங்குபடுத்த முனைந்தது. ஆனால் ஊர்கள் திட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. சுற்றுப்புறக் கிராமங்களை நோக்கி அவை பரவின. எனவே நகரையும் ஊரகத்தையும் சேர்த்துப் பார்க்கும் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இல் இயற்றப்பட்டு, 1972-இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்த கட்டட விதிகள் 2019-இல்தான் மாநிலம் முழுமைக்கும் ஒரே தொகுப்பாயின. இடையில் 2003-இல் தமிழகம் குடிநீருக்கு அலைந்த நிலையில், மழைநீர் சேகரிப்பு எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாயிற்று.

கல் ஊன்றியவரும் வீடு கட்டுபவரும்

இனித்தான் நமக்கு முக்கியமான பகுதி வருகிறது. ஒரு வீட்டுக்குக் காற்றும் வழியும் கிடைக்குமா என்பது வீடு கட்டும்போது முடிவாவதில்லை. நிலத்தை மனைகளாகப் பிரித்துக் கல் ஊன்றும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டால் விற்பதற்கு நிலம் குறையும். ஆகவே குறுகிய பாதையை வகுத்து, ஊராட்சியின் முத்திரையை மட்டும் வாங்கி, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்பது தமிழகம் முழுவதும் பல்லாண்டு நடந்தது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாத அந்த முத்திரை, சட்டப்படி மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. சீட்டுக் கட்டியும் நகையை விற்றும் மனை வாங்கியவருக்கு அது எப்படித் தெரியும்? வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அனுமதிக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

2016 செப்டம்பர் 9-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. பிரித்து விற்றவர் போய்விட்ட பிறகு, மனையை வைத்திருந்தவரே விண்ணப்பித்து, அவரே கட்டணமும் கட்ட வேண்டியதாயிற்று. தவறு செய்தவர் ஒருவர், தண்டம் கட்டியவர் வேறொருவர். இது சரியென்று நான் கருதவில்லை.

கட்டடங்களிலும் இதே கதைதான். 1999 பிப்ரவரிக்கு முன் விதிமீறிக் கட்டியவற்றைக் கட்டணத்தின்பேரில் முறைப்படுத்தச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. ஒருமுறைச் சலுகை என்ற அளவில் அதை உச்ச நீதிமன்றம் 2000-இல் ஏற்றது. ஆனால் காலக்கெடு ஆண்டுதோறும் நீட்டப்பட, 2006-இல் அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. பின்னர் 2007 ஜூலை 1-ஐ எல்லையாகக் கொண்டு இன்னொரு பிரிவு வந்தது.

கட்டணம் கட்டினால் ரசீது கிடைக்கும், சந்து அகலமாகாது. தீயணைப்பு வண்டி திரும்ப முடியாத தெரு, வரன்முறைப்படுத்திய பின்னும் அப்படியேதான் இருக்கும். சிவகாசி வட்டாரத்தில் இதை இலேசாக எண்ண முடியாது.

பத்திரத்தில் எழுதாத எல்லை

கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். பின்பு பட்டாசும் வந்தது. விருதுநகரிலிருந்து ரயிலில் வரும்போது, வெட்டவெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சிறு அறைகளை நீங்கள் பார்த்திருக்கலாம். நிலம் மலிவு என்பதனால் அவ்வாறு கட்டவில்லை. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை வெடிக்கக்கூடாது என்பதே கணக்கு.

இக்கணக்கின் அடிப்படையை இங்கிலாந்தில் ஹாப்கின்சனும் ஜெர்மனியில் கிரான்சும் முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தனர். வெடியின் அதிர்வலை எல்லாத் திசையிலும் கோளம் போல் பரவுகிறது. ஆகவே ஒரே அளவு தாக்கம் எட்டும் தூரம், வெடிபொருள் எடையின் கனமூலத்தைப் பொறுத்தது. எடை 8 மடங்கானால் தூரம் 2 மடங்காகும். 27 மடங்கானால் 3 மடங்காகும். குடியிருப்புக்கும் வெடிபொருள் இருக்குமிடத்துக்கும் இடையே விட வேண்டிய தூரத்தை 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின் அட்டவணைகள் அளவுக்குத் தக்கபடி கூறுகின்றன.

ஆலை ஊருக்கு வெளியேதான் கட்டப்பட்டது. ஊர் ஆலையை நோக்கி வளர்ந்தால் என்ன செய்வது? மனை வாங்குபவர் பத்திரத்தில் நான்கு எல்லைகளைப் பார்க்கிறார். இந்தக் கண்ணுக்குத் தெரியாத வட்டம் அதில் எழுதப்படுவதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலைத் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தார். ஆதலால் திருத்தங்கலிலோ சுற்றுப்புறத்திலோ ஊரோரம் மனை பார்ப்பவர், கிழக்கே யார், மேற்கே யார் என்று கேட்பதோடு நில்லாமல், சற்றுத் தள்ளி என்ன தொழில் நடக்கிறது என்றும் கேட்டறிய வேண்டும்.

மண்ணையும் கேட்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல். மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. அதிலுள்ள ஒருவகைக் களிமண் தன் படலங்களுக்கிடையே நீரை இழுத்துக்கொள்வதே காரணம். ஆழமில்லாத அஸ்திவாரத்தை இது ஆண்டுதோறும் தூக்கி இறக்கும். சுவரில் சாய்வான விரிசல்கள் ஓடும். வரைபடத்தில் முத்திரை விழுந்துவிட்டால் விரிசல் விழாது என்று பொருள் இல்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென வளர்த்த முறையில், மெல்லிய குழி தோண்டி, அடியில் மட்டும் குமிழ் போல் அகலப்படுத்திக் கம்பியும் கான்கிரீட்டும் இடுவார்கள். குமிழின் விட்டம் தண்டினுடையதைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆழ்ந்த கரிசலில் நீளம் குறைந்தது மூன்றரை மீட்டர் வேண்டும். அந்த ஆழத்தில் மழையும் வெயிலும் மண்ணை அசைப்பதில்லை. சற்றுச் செலவுதான். எனினும் பின்னால் விரிசலுக்குப் பூசிப் பூசிச் செலவழிப்பதைவிட இது மேல்.

இப்போது உங்கள் நான்கு சென்ட் மனைக்கு வருவோம். அது சுமார் 1,740 சதுர அடி. 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்றுத் திட்டத்தின்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத் தளமோ அதன்மேல் ஒரு தளமோ கொண்ட வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி பெறலாம். முன்கூட்டியே அதிகாரி வந்து மனையைப் பார்ப்பதில்லை. கொடுத்த விவரங்கள் மெய்யானவை என்று நீங்களே உறுதி கூறுகிறீர்கள். அலைச்சல் குறைந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மனைப்பிரிவு முறையானதா, சாலையின் அகலம் என்ன, பக்கத்தில் விட்ட இடம் எவ்வளவு என்று முன்பு ஓர் அதிகாரி சரிபார்த்த பொறுப்பும் உங்களிடமே வந்திருக்கிறது. எனவே முன்பணம் கொடுக்குமுன் மனைப்பிரிவின் அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஓர் அளவு நாடாவுடன் சென்று மனைக்கு முன்னுள்ள பாதையை அளந்து, அங்கீகரித்த வரைபடத்தில் உள்ள அகலம் தரையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுமானால் மழை பெய்த மறுநாள் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதையும் அன்று பார்த்துவிடலாம்.