கறுவாத்தோட்டம்

கறுவா + தோட்டம். தமிழகச் சமையலறையில் பட்டை எனப்படுவதை ஈழத்தமிழர் கறுவா என்பர். மலையாளத்திலும் அது கறுவதான். கொழும்பு நகரின் இப்பகுதி சிங்களத்தில் குருந்துவத்த: குருந்து கறுவா, வத்த தோட்டம். கொழும்பு 7 என்ற அஞ்சல் எண்ணே இன்று செல்வத்தின் மறுபெயர்.

பெயர் வெறும் அலங்காரமன்று. காட்டில் விளைந்த கறுவாவை உரித்து விற்ற ஒல்லாந்தர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆளுநர் ஃபால்க் காலத்தில், அதை இங்கே பயிரிட்டனர். பட்டை உரிக்கும் ஊழியம் சலாகம சாதியார்மீது சுமத்தப்பட்டிருந்தது. இந்தப் பெயரைச் சொல்லும்போது மாளிகைகளுக்கு முன்னால் அந்தக் கைகள் நினைவுக்கு வர வேண்டும் என்பேன்.

1833இல் ஆங்கிலேயர் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்டனர். பின்னர் தோட்டம் மெல்ல மெல்ல மனைகளாகியது. கோப்பி, தேயிலை, தென்னையில் பொருள் சேர்த்தோரும் வழக்கறிஞரும் அகன்ற முற்றங்களோடு வீடெழுப்பினர். 1877இல் அருங்காட்சியகம் திறந்தது. வார்ட், பார்ன்ஸ், ஹோர்ட்டன் எனத் தெருக்கள் ஆங்கிலேய ஆளுநர்களின் பெயர்களைச் சுமக்கின்றன. விக்டோரியா பூங்காவோ விகாரமகாதேவி பூங்காவாயிற்று.

கொழும்பின் உயர்குடித் தமிழர் பலரும் இங்கே வாழ்ந்தனர். 1920களின் அவ்வாழ்வைச் சியாம் செல்வதுரை 1998இல் இதே பெயரில் ஆங்கில நாவலாக்கினார்.

பேச்சுவழக்கில் ‘கறுவாத்தோட்டத்து ஆள்’ என்றால் ஊர் மட்டுமல்ல, ஆங்கிலம் பேசும் மேட்டுக்குடி வாழ்வும் சேர்ந்தே பொருள்படும்.