சிவப்புத் தட்டு

மட்கலங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரண்மனைப் பீங்கான்களோடு நின்றுவிடுகின்றனர். அடுக்களைக் கிண்ணத்துக்கும் அன்றாட உணவுத்தட்டுக்கும் வரலாறு உண்டு என்பது எளிதில் மறக்கப்படுகிறது. 'ஃபியஸ்டா' என்னும் அமெரிக்கக் கலங்களின் கதையை இங்கே சொல்ல விழைவது அதனால்தான்.

ஒகையோ ஆற்றின் வடகரையில் உள்ள ஈஸ்ட் லிவர்பூல், மட்கலத் தொழிலால் வளர்ந்த ஊர். அங்கே தொடங்கிய ஹோமர் லாஃப்லின் நிறுவனம் பின்னர் ஆற்றைக் கடந்து, மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல் நகரில் நிலைகொண்டது. இங்கிலாந்தில் குயவர் குடும்பமொன்றில் பிறந்த ஃபிரடெரிக் ஹர்ட்டன் ரெட் அதன் கலை இயக்குநர். அவர் வடிவமைத்த ஃபியஸ்டா 1936 ஜனவரியில் வெளிவந்தது. பூவேலை இல்லை, பொன்வரி இல்லை. விளிம்பில் சில வளையக் கோடுகளும் ஒற்றை நிறமும் மட்டுமே. சிவப்பு, கருநீலம், மஞ்சள், பச்சை, தந்தவெண்மை என நிறங்கள் ஐந்து. (இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. லாஸ் ஏஞ்சல்ஸில் பாவர் நிறுவனம் இத்தகைய நிறக்கலங்களை முன்னரே விற்றுவந்தது.)

அவை பெருமந்தத்தின் ஆண்டுகள். அதுவரை நல்ல சாப்பாட்டு மேசை என்றால் ஒரே பூ வரைந்த முழுத்தொகுதி வேண்டும். ஒரு தட்டு உடைந்தால் தொகுதியே ஊனமாகும். ஃபியஸ்டாவை ஒவ்வொன்றாக வாங்கலாம். இம்மாதம் ஒரு மஞ்சள் தட்டு, கையில் காசு சேர்ந்தபின் ஒரு நீலக் கோப்பை. நிறங்கள் பொருந்தாமலிருப்பதே அழகு என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. இல்லாமையை மறைக்க வேண்டிய தேவையையே அது நீக்கிவிட்டது. ஃபியஸ்டாவின் உண்மையான சாதனை வடிவத்தைவிட இதிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

பெயரில் சிவப்பு, கண்ணுக்கு அது ஆரஞ்சு. மற்ற நிறங்களைவிட விலை கூடியதும் அதுவே. அந்நிறத்தைத் தந்தது மெருகுப்பூச்சில் கலந்த யுரேனிய ஆக்சைடு. 1943-இல் அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. அணுகுண்டுத் திட்டத்துக்கு அது தேவைப்பட்டது. சிவப்புத் தட்டு கடைகளிலிருந்து மறைந்தது. இல்லத்தரசிகள் அறிந்தது ஒரு நிறம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. அதன் காரணம் என்னவென்பதை 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவின்மீது யுரேனிய குண்டு விழுந்தபின்னரே உலகம் அறிந்தது. 1959-இல் சிவப்பு திரும்பி வந்தது. இம்முறை செறிவு குறைந்த யுரேனியத்தால் ஆனது. 1972-இல் அதுவும் முடிந்தது.

சேகரிப்போரின் உலகம் வேறு விதமானது. அங்கே விலையேறி நிற்பவை, அன்று விற்காமல் போனவை. 1959-இல் வந்த நடுத்தரப் பச்சை, வாங்குவார் குறைந்த காலத்தில் செய்யப்பட்டதால் இன்று அரியது. டர்க்காய்ஸ் நிறத்தில் மூடியுள்ள வெங்காய சூப் கிண்ணம் அதனினும் அரியது; அந்நிறம் வந்த சிறிது காலத்திலேயே அக்கிண்ணத்தின் உற்பத்தி நின்றுவிட்டது.

தமிழில் 'கலம்' என்ற சொல் பாத்திரத்தையும் குறிக்கும், அணியையும் குறிக்கும். முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நகர்ந்துவிட்டது பழைய ஃபியஸ்டா. யுரேனியம் கலந்த கலங்களில் உண்ணவோ பருகவோ வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவுறுத்துகிறது. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்கள் பூச்சிலிருந்து யுரேனியத்தைக் கரைத்தெடுக்கக்கூடும். அக்காலப் பூச்சுகளில் ஈயமும் உண்டு. ஆகவே மற்ற நிறங்களும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. கீறலும் விரிசலும் கொண்டவற்றை அலமாரியிலேயே விட்டுவிடுவது நல்லது. உண்ண விரும்புவோர்க்கு 1986-இல் மீண்டும் தொடங்கிய ஈயமற்ற ஃபியஸ்டா இருக்கிறது. நியூவெல்லில் அது இன்றும் உருவாகிறது.

பழைய சிவப்புத் தட்டுக்கோ வேறொரு பணி வாய்த்துவிட்டது. இயற்பியல் வகுப்பறைகளில் கதிரியக்கத்தை விளக்க அதை மேசைமீது வைத்து, கைகர் கருவியை அருகே கொண்டுசெல்கிறார்கள். கருவி படபடவென ஒலிக்கத் தொடங்குகிறது.